நாமே அழைத்த எண்

கீழக்கரையிலிருந்து:

என் வாப்பாவுக்கு 71 வயது. துபாயில் இருக்கும் என் காக்காவோடும் (அண்ணன்) பேரப்பிள்ளைகளோடும் முகம் பார்த்துப் பேசுவதற்காகவே மடிக்கணினி பழகியவர். ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பின் அவர் இணையத்தில் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது, திரை முழுவதும் சிவப்பாக மாறி, அபாயச் சங்கு போன்ற ஓசை விடாமல் ஒலித்தது. கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைத்தால் கோப்புகள் அழிந்துவிடும், உடனே மைக்ரோசாஃப்ட் உதவி மையத்தை அழையுங்கள் என்று ஒரு தொலைபேசி எண்ணும் அதில் இருந்தது. நான் கடைக்குப் போயிருந்தேன்; உம்மா உறங்கிக்கொண்டிருந்தார். வாப்பா அந்த எண்ணை அழைத்துவிட்டார்.

யாராவது அழைத்து ஓ.டி.பி. கேட்டால் வாப்பா கொடுக்கமாட்டார். அத்தகைய அழைப்புகளை இதற்கு முன் இரண்டு முறை துண்டித்திருக்கிறார். ஆனால் இம்முறை எண்ணை அழுத்தியவர் அவரே என்பதால், மறுமுனையில் இருப்பவர் யார் என்ற ஐயமே அவருக்கு எழவில்லை. நம் வாசலில் வந்து நிற்கும் அந்நியரை விசாரிக்கிறோம். நாமே தேடிப்போய்க் கதவைத் தட்டிய வீட்டில் இருப்பவரை விசாரிப்பதில்லை.

"ஐயா, ஐயா" என்று மிகுந்த மரியாதையோடு தமிழில் பேசிய அந்த ஆள், எனிடெஸ்க் செயலியை நிறுவச் செய்து, அதில் தோன்றிய எண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அந்தச் செயலி தன்னளவில் முறையானதுதான் என்றாலும், அந்த எண்ணைக் கொடுத்து அனுமதியும் அளித்துவிட்டால் நம் திரையும் விசைப்பலகையும் மற்றவர் கைக்குப் போய்விடும் என்பதால், ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இதுபற்றி வங்கிகளை எச்சரித்திருக்கிறது. பிறகு அவர், கணினியில் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் விண்டோஸின் 'ஈவென்ட் வியூவர்' பகுதியைத் திறந்து, அதிலிருந்த சிவப்பு, மஞ்சள் குறிகளைக் காட்டி, இவை அனைத்தும் திருடர்கள் நுழைந்த தடயங்கள் என்றாராம். பழுதில்லாத கணினியிலும் அந்தக் குறிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும் என்பது வாப்பாவுக்கு எப்படித் தெரியும்? பாதுகாப்புக் கட்டணம் 4,999 ரூபாய் என்று சொல்லி, வங்கிப் பக்கத்தைத் திறக்கச் செய்து, வேலை முடியும்வரை வீட்டில் யாரிடமும் பேச வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். வாப்பா ஓ.டி.பி.யை யாரிடமும் வாய்திறந்து சொல்லவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த திரையில் தட்டச்சு செய்தார். போனது 62,000 ரூபாய்.

நான் வீடு திரும்பியபோது திரை கறுப்பாக இருந்தது. முதலில் வைஃபை கருவியின் மின்இணைப்பைப் பிடுங்கினேன். பிறகு வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்த எண்ணை என் கைப்பேசியிலிருந்து அழைத்துக் கணக்கை முடக்கச் செய்தேன். அடுத்து, இணையவழிப் பண மோசடிகளுக்கான தேசிய உதவி எண்ணான 1930-ஐ அழைத்தேன். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவு தொகையை வழியில் நிறுத்த வாய்ப்புண்டு. எங்களுக்கு 23,000 ரூபாய் அப்படி நின்றது. அதைத் திரும்பப் பெறக் காத்திருக்கிறோம். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவரே ஏற்க வேண்டும். தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேரும். அரை மணி நேரம் தயங்கினால்கூட என்ன ஆகும் என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்தச் சிவப்புத் திரை வெறும் இணையப் பக்கம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து முழுத்திரையிலிருந்து வெளியேறி உலாவியை மூடலாம். முடியாவிட்டால் கணினியையே அணைத்துவிடலாம், எதுவும் அழியாது. மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் மறுத்துவிட வேண்டும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதே இல்லை.

பாம்பனிலிருந்து:

நான் கணினி மையம் நடத்துகிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் விண்ணப்பம் பதிய வருபவர்கள் வரிசையாக நின்றிருந்த நாளில் பிரிண்டர் நின்றுவிட்டது. அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை இணையத்தில் தேடியபோது முதலில் வந்த பக்கத்தைத் திறந்தேன். அது விளம்பரம் என்பதைக் கவனிக்கவில்லை. நிறுவுவது போல ஒரு கோடு ஓடி, பாதியில் பிழை என்று காட்டி, அழைக்க ஓர் எண்ணும் தந்தது. அழைத்தேன். இலவசமாகக் கிடைக்கும் டிரைவருக்கு 3,500 ரூபாய் கேட்டபோதுதான் விழித்துக்கொண்டு துண்டித்தேன். அந்தக் கோடு எத்தனை முறை முயன்றாலும் பிழையில்தான் முடியும். அது வெறும் படம். இப்போது நிறுவனத்தின் தளப் பெயரை நானே முழுமையாகத் தட்டச்சு செய்து மட்டுமே போகிறேன்.

மீண்டும் கீழக்கரையிலிருந்து:

பாம்பன் சகோதரருக்கு நன்றி. தொழில் தெரிந்தவரும் அழைத்திருக்கிறார் என்பதைப் படித்துக் காட்டியபோது வாப்பா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பணம் போனதைவிட, ஏமாந்தவர் என்ற பெயர்தான் அவரை வாட்டியது. பத்து நாட்கள் மடிக்கணினியைத் தொடவே இல்லை. சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவரே நண்பர்களிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவர்களில் ஒருவர் மூன்று வாரங்களுக்கு முன் இதேபோல் 15,000 ரூபாயை இழந்து, பிள்ளைகளுக்குக்கூடத் தெரிவிக்காமல் இருந்திருக்கிறார். அன்று மாலை அவரை வாப்பா எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் மூவரும் அமர்ந்து அவருடைய புகாரைப் பதிந்தோம்.