கூரை மாத்துனவங்க வாங்க, காசு எங்கெங்க போச்சுன்னு பேசுவோம்

எங்க வீட்டுக் கூரை மாத்தி முடிச்சாச்சுங்க. நல்லபடியா முடிஞ்சுது. மாத்தப்போறவங்களுக்கு உதவும்னுதான் எழுதறேன், நீங்களும் உங்க அனுபவத்தை போடுங்க.

எல்லாரும் முதல்ல கேக்கறது சதுர அடிக்கு எவ்ளோன்னுதான். அந்த ஒரு நம்பரை மட்டும் வெச்சு பட்ஜெட் போடவே முடியாதுங்க. ஏன்னா எந்த சதுர அடின்னு முதல்ல தெரியணும். வீட்டோட தரை அளவு வேற, கூரையோட அளவு வேற, வாங்கற பொருளோட அளவு இன்னும் வேற. ஒரு கணக்கு சொல்றேன் பாருங்க. வீடு 25க்கு 40, அதாவது 1000 சதுர அடி. நாலு பக்கமும் இறவாரம் 2 அடி வெளிய நீட்டியிருந்தா 29க்கு 44 ஆகிடுது, அதுவே 1276. இப்ப சரிவு சேரணும். 12 அடி படுக்கையில போனா 6 அடி ஏறுற சரிவுன்னா 1.118ஆல பெருக்கணும், சுமார் 1427 வரும். அதுக்கு மேல வெட்டுல போறது, உடையறதுன்னு 10 சதவீதம் சேத்தா கிட்டத்தட்ட 1570. ஆயிரம் சதுர அடி வீடுதானேன்னு நினைச்சுட்டு இருப்போம், கடையில போய் நிக்கும்போது ஒன்றரை மடங்குக்கு மேல வாங்கிட்டு இருப்போம். சரிவு ரொம்ப செங்குத்தா, 12க்கு 12ன்னு இருந்தா பெருக்கறது 1.414. அந்த மாதிரி கூரையில ஆள் சும்மா நின்னு வேலை பாக்க முடியாது, சாரம், கயிறு, பெல்ட் எல்லாம் வேணும், கூலியும் சேந்து ஏறும்.

நான் மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினேன். குறைச்சலா சொன்னவருக்கும் அதிகமா சொன்னவருக்கும் நடுவுல ஏறக்குறைய இரட்டிப்பு வித்தியாசம். மூணையும் ஒரே பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்தேன். குறைச்ச கொட்டேஷன்ல பழைய கூரையைப் பிரிக்கற கூலி இல்ல, குப்பை ஏத்திட்டுப் போற வண்டி இல்ல, சுவரும் கூரையும் சேர்ற இடத்துல அடிக்கற தகடு இல்ல, தண்ணி இறங்கற பைப் இல்ல. அதையெல்லாம் அவர்கிட்டயே தனித்தனியா விலை கேட்டு சேத்தா நடுவுல இருந்தவர் சொன்ன தொகைக்கிட்ட வந்துடுச்சு. அவர் தப்பா சொன்னாருன்னு இல்ல, அவர் கணக்குல அவ்வளவுதான் வேலை. நாம கேக்கற வேலை முழுசும் எழுத்துல இருக்கான்னு பாக்கறது நம்ம பொறுப்பு. இன்னொண்ணு, என் பில்லுல பொருளுக்கு எவ்வளவு போச்சோ அதே அளவு கூலிக்கும் போச்சு, அதனால பொருள் விலையை மட்டும் விசாரிச்சுட்டு மனக்கணக்கு போடாதீங்க.

* * *

நல்ல பதிவு அண்ணா. நான் ஓட்டுக்கூரையைப் பிரிச்சு மறுபடி ஓடே போட்டவன், அதனால அடியில இருக்கற மரத்தைப் பத்தி எழுதறேன், ஏன்னா செலவு எகிறுற இடம் அதுதான்.

பிரிக்கற வரைக்கும் உள்ள என்ன இருக்குன்னு எந்த ஆசாரியாலயும் உறுதியா சொல்ல முடியாதுங்க. மேலருந்து பாத்தா எல்லாம் நல்லாதான் இருக்கும், ஓட்டை எடுத்தா அதைத் தாங்கற ரீப்பர் சட்டம் கையில பொடியா வரும், ரீப்பரைத் தாங்கற கைமரம் சுவர்ல உக்காந்திருக்கற நுனி ஈரம் வாங்கி இத்துப் போயிருக்கும், இல்லைன்னா கரையான் உள்ளயே தின்னுட்டு மேல் தோலை மட்டும் விட்டு வெச்சிருக்கும். எங்க வீட்டுல கூடல்வாய்க்கு கீழ இருந்த மரம் மொத்தமும் போயிருந்துச்சு. ரெண்டு சரிவும் சேந்து தண்ணி ஓடுற பள்ளம் அது, இலை தழை அடைச்சு தண்ணி நின்னு நின்னு ஊறியிருக்கு. மத்த இடத்துல மரம் கல்லு மாதிரி இருந்துச்சு.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கைமரம் ஒரு அடி மாத்தினா இவ்ளோ, ரீப்பர் ஒரு அடிக்கு இவ்ளோ, பலகை போட்ட கூரையா இருந்தா பலகை ஒண்ணுக்கு இவ்ளோன்னு ரேட் எழுதி வாங்கியிருந்தேன். அது எனக்கு ரொம்ப கை குடுத்துச்சு. கூரையைப் பிரிச்சுப் போட்டுட்டு, மேல வானம் தெரிய, மழை எப்ப வருமோன்னு நாம நிக்கும்போது உக்காந்து பேரம் பேச முடியுமா? அந்த நேரத்துல அவங்க சொல்றதுதான் விலை. முன்னாடியே பேசி வெச்சா எத்தனை அடி மாத்துனாங்கன்னு டேப் வெச்சு அளந்து குடுத்தா போதும், மனஸ்தாபம் இல்லாம முடியும். பழைய வீடா இருந்தா மொத்தத் தொகையில 15, 20 சதவீதம் தனியா ஒதுக்கி வெச்சுக்கோங்கன்னு சொல்லுவேன். மிஞ்சினா சந்தோஷம்.

அப்புறம் ஷீட்டை எடுத்துட்டு ஓடு போடலாம்னு நினைக்கறவங்க தயவுசெஞ்சு பாரத்தைக் கணக்கு பாருங்க. மெல்லிசு எஃகு ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு 4, 5 கிலோதான் இருக்கும், சிமெண்ட் ஓடுன்னா 40 கிலோவுக்கு மேல போகும், மழையில நனைஞ்சா இன்னும் கூடும். அந்த எடையை ஏற்கெனவே இருக்கற மரமோ கம்பியோ தாங்குமான்னு இன்ஜினியர் ஒருத்தர் பாத்து சொல்லணும். அவருக்குக் குடுக்கற ஃபீஸும் கூரை செலவுதான், அதை வீண்னு நினைக்காதீங்க.

* * *

நான் சொல்லப்போறது கொஞ்சம் வேற. எங்க வீட்டுல ஹால்ல ஒழுகுது, வந்து பாத்தவர் மொத்தக் கூரையும் போச்சு, மாத்தித்தான் ஆகணும்னு சொல்லிட்டாரு. அப்பா ஒத்துக்கல, இன்னொருத்தரைக் கூப்பிட்டாரு. அவர் மேல ஏறி ஹோஸ் பைப்ல தண்ணி விட்டு, கீழருந்து மேல கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி பாத்தாரு. புகைக்குழாய் கூரையைத் துளைச்சு வர்ற இடத்துல சுத்தியிருந்த தகடு விட்டுப் போயிருந்துச்சு, அவ்வளவுதான். அந்த ஒரு இடத்தை மட்டும் சரி பண்ணோம், அதுக்கப்புறம் மழை பெஞ்சும் சொட்டு விழல. ஒழுகறது பெரும்பாலும் இந்த மாதிரி ஓட்டை போட்ட இடம், சுவர் ஒட்டுற இடம், கூடல்வாய் இங்கதான். தண்ணி ஒரு இடத்துல நுழைஞ்சு மரத்து மேலயே ஓடி வேற ரூம்ல சொட்டும், அதனால சொட்டுற இடத்துக்கு நேர் மேல பாத்து பிரயோஜனம் இல்ல.

அதுக்காக ஆயுசு முடிஞ்ச கூரையில ஒட்டு போட்டுட்டே இருக்கவும் கூடாது. துண்டு துண்டா ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி அடிக்கற தார் ஷிங்கிள்னா 15லருந்து 30 வருஷம், நல்ல உலோகக் கூரை 40 வருஷமும் தாண்டும், மண் ஓடும் சிமெண்ட் ஓடும் 50க்கு மேல, கல் ஸ்லேட் 75, 100ன்னு நிக்கும். ஓடு நல்லா இருந்தாலும் தண்ணி இறங்காம இருக்க அடியில விரிச்ச ஷீட்டும் ஆணியும் அதுக்கு முன்னாடியே போயிடும், அப்ப ஓட்டைக் கழட்டி அடியில புதுசு விரிச்சுட்டு அதே ஓட்டை திரும்பப் போடலாம். ஓட்டு விலை மிச்சம், கூலி மட்டும் முழுசா ஆகும்.

* * *

மெட்டல் ஷீட் போடறவங்களுக்காக எழுதறேன். இந்த வேலையில நிறைய வருஷம் இருந்திருக்கேன்.

ஷீட் கனம் 0.47 மில்லிமீட்டர்னு சொன்னா அது பூச்சோட சேத்தா, வெறும் எஃகு மட்டுமான்னு கேளுங்க. பூச்சோட சேந்து 0.47ன்னா உள்ள இருக்கற எஃகு 0.42தான். ஒருத்தர் எஃகு கனத்தைச் சொல்லுவாரு, இன்னொருத்தர் மொத்தக் கனத்தைச் சொல்லுவாரு, பேப்பர்ல ரெண்டும் ஒண்ணு மாதிரியே தெரியும். அடுத்தது பூச்சு எடை, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு. அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுல 150 கிராம்னா ரெண்டு பக்கமும் சேத்து 150. உப்புக்காத்து அடிக்கற இடத்துல இதுல போய் மிச்சம் பிடிக்காதீங்க, துரு வந்தா முழுசும் மறுபடி செலவு.

ஷீட்டோட முழு அகலத்தை வெச்சு எண்ணிக்கை போடாதீங்க, பக்கத்து ஷீட் மேல ஏறி உக்கார்ற அகலம் போக மிச்சம் எவ்வளவோ அதை வெச்சுதான் கணக்கு. நீளத்துலயும் அப்படித்தான், முடிஞ்சா முகட்டுலருந்து இறவாரம் வரைக்கும் ஒரே நீளமா வாங்கிடுங்க, நடுவுல ஒட்டு இருந்தா அங்க பொருளும் வீண், ஒழுகல் பயமும் கூட.

ஸ்க்ரூவுக்கு யாரும் மதிப்பே குடுக்கறதில்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். மொத்த செலவுல அது சின்னப் பங்குதான், ஆனா மட்ட ரக வாஷர் வெயில்ல காய்ஞ்சு வெடிச்சுதுன்னா அத்தனை ஸ்க்ரூவும் அத்தனை ஓட்டைதான். நல்ல ரப்பர் வாஷர் வெச்சதா கேட்டு வாங்குங்க, ரொம்ப இறுக்கினாலும் வாஷர் பிதுங்கிடும், அதையும் நின்னு பாருங்க. ஷீட்டை கிரைண்டர்ல வெட்ட விடாதீங்க, தீப்பொறி பறந்து பூச்சு எரிஞ்சு அந்த ஓரமே முதல்ல துரு பிடிக்கும். வெட்டி முடிச்சு இரும்புத் தூள் மேல கிடந்தா அன்னைக்கே பெருக்கி எடுத்துடணும்.

* * *

பழைய சிமெண்ட் ஷீட்ல ஆஸ்பெஸ்டாஸ் நார் இருந்தா தயவுசெஞ்சு அதை சாதாரண குப்பையா நினைக்காதீங்க. எங்க சித்தப்பா வீட்டுல பிரிக்கும்போது நான் கூட இருந்தேன். முதல்ல வந்தவங்க சுத்தியால உடைச்சு கீழ தள்ளிடலாம், செலவு கம்மின்னாங்க. விடல. அந்த நார் கண்ணுக்குத் தெரியாத தூசியா பறக்கும், மூச்சுல போனா வருஷக்கணக்கு கழிச்சு புத்துநோய் வரைக்கும் கொண்டு போகும். அதனாலதான் பல நாட்டுல தடையே பண்ணியிருக்காங்க. முறையா செய்யறவங்க தண்ணி தெளிச்சு நனைச்சு, முழு ஷீட்டா கழட்டி, பிளாஸ்டிக்ல சுத்தி, அதுக்குன்னு இருக்கற இடத்துல கொண்டு போய் சேத்தாங்க. இதுக்கு தனி செலவு, கணிசமான செலவு. கொட்டேஷன்ல இது தனி வரியா இருக்கணும். பழைய ஷீட்டுல சந்தேகம் இருந்தா சாம்பிள் டெஸ்ட் பண்ணிட்டு ஆரம்பிங்க.

* * *

அக்கா சொன்னது சரி, இதுல மிச்சம் பிடிக்கவே கூடாது.

நான் பணம் குடுக்கற முறையைப் பத்தி சேத்துக்கறேன். பொருள் வந்து இறங்கினதும் ஒரு பங்கு, பழசு பிரிச்சு மர வேலை முடிஞ்சதும் ஒரு பங்கு, மேல மூடினதும் ஒரு பங்கு, கடைசியா ஒரு 10 சதவீதம் தண்ணி விட்டு பாத்துட்டு, குப்பை எல்லாம் அள்ளினதுக்கப்புறம். இப்படி எழுதி கையெழுத்து போட்டுக்கிட்டோம். நல்லா வேலை செய்யறவர் இதுக்கு முகம் சுளிக்க மாட்டாரு. மொத்தமும் முன்னாடியே குடுன்னு கேட்டா, அதுவும் புயல் அடிச்ச மறுவாரம் கதவைத் தட்டி யாராவது கேட்டா, அனுப்பி வெச்சுடுங்க. புயலுக்கு அப்புறம் எல்லாருக்கும் ஒரே நேரத்துல கூரை வேணும், ஆள் கிடைக்காது, விலை ஏறும், தெரியாத ஆளுங்கல்லாம் வருவாங்க. அவசரம்னா அப்போதைக்கு தார்ப்பாய் நல்லா இறுக்கிக் கட்டிட்டு நிதானமா பேசலாம். முடிஞ்சா மழைக்காலம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வேலையை வெச்சுக்கோங்க.

கேரண்டி ரெண்டு இருக்கு. கம்பெனி பொருளுக்குக் குடுக்கறது ஒண்ணு, வேலை செஞ்சவர் வேலைக்குக் குடுக்கறது இன்னொண்ணு. ஒழுகறது முக்கால்வாசி வேலையிலதான் வரும், அதனால இரண்டாவதுதான் நமக்கு உயிர். அதை எழுத்துல வாங்குங்க.

இன்சூரன்ஸ் இருக்கறவங்க பாலிசியைப் படிங்க. புதுசு போடற செலவைத் தர்ற பாலிசி இருக்கு, தேய்மானம் கழிச்சுட்டுத் தர்ற பாலிசியும் இருக்கு. 20 வருஷ ஆயுசுன்னு கணக்கு போட்ட கூரை 15 வருஷம் ஓடிடுச்சுன்னா தேய்மானம் கழிச்சா கால் பங்குதான் மிஞ்சும், அதுலயும் நம்ம கைக்காசு பங்கைக் கழிப்பாங்க. மிச்சம் முழுக்க நம்ம பையிலருந்துதான்.

* * *

எல்லாருக்கும் நன்றிங்க. ஒரு சந்தேகம், எங்க கூரை மேல சோலார் பேனல் இருக்கு, அதுக்கு என்ன பண்றது?

* * *

கழட்டி மாட்ட தனி கூலி தம்பி, அதை கூரை ஆளுங்க செய்யாம சோலார் போட்டுக் குடுத்தவங்களையே கூப்பிட்டு செய்யறது நல்லது, இல்லைன்னா அவங்க கேரண்டி போயிடலாம். ரெண்டு பேருக்கும் தேதி ஒத்து வரணும், அதை முதல்லயே பேசிடு. புதுக் கூரையில பேனல் கால் எங்கெங்க வரும்னு கூரைக்காரருக்குக் காட்டிடு, அப்பதான் அந்தந்த இடத்துல கீழ மரமோ கம்பியோ வர்ற மாதிரி போட்டு தகடு அடிப்பாரு. வெப்பம் தடுக்கற ஷீட், முகட்டுல காத்து போற வழி இதெல்லாம் வேணும்னா கூரை திறந்திருக்கும்போதே போட்டுடு. பின்னாடி போட்டா மறுபடி பிரிக்கற கூலி வரும். இந்த எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி, கொட்டேஷன் கேக்கற எல்லாருக்கும் அதே பேப்பரைக் குடு, அப்பதான் வர்ற விலைகளை ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பாக்க முடியும்.