பின்பக்கம் கோடு போட்ட கார்டுக்குத் தமிழில் என்ன?

காட்பாடி டீச்சர்:
வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய படக் கார்டுகளைக் காட்சிக்கு வைக்கிறார்கள், விளக்கச் சீட்டு நாளைக் காலை அச்சுக்குப் போகணும். வேலூர்க் கோட்டை அகழி படம் போட்ட ஒரு கார்டில் யாரோ வெள்ளைக்காரர் படத்தின் மேலேயே சேதி எழுதியிருக்கிறார். ஏன் என்றால், அப்போது பின்பக்கம் முகவரிக்கு மட்டும்தான். பிரிட்டன் 1902இல் நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் முகவரி என்று அனுமதித்தது, அமெரிக்கா 1907இல். படம் கறைபடாமல் தப்பியதும் ஆல்பம் போடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். கோடு போட்டுப் பிரித்த பின்பக்கம் 'டிவைடட் பேக்', பிரிக்காதது 'அன்டிவைடட் பேக்'; இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தாருங்கள்.

ஆற்காடு:
பிளவுமுதுகு, பிளவாமுதுகு. செல்லாக்காசு மாதிரி ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் சுத்தம்.

குடியாத்தம்:
முதுகா? புறமுதுகு காட்டி ஓடின கார்டு என்று பிள்ளைகள் சிரிக்கும். 'இருகூற்றுப்புறம்', 'ஒருகூற்றுப்புறம்' என்று போடுங்கள். அப்புறம் அந்தக் 'கார்டு' எதற்கு? அஞ்சலட்டை இருக்கிறதே.

வாணியம்பாடி:
அஞ்சல் மட்டும் சுத்தத் தமிழா? திருவிதாங்கூர் சமஸ்தானம் தனியாக நடத்திய தபாலுக்குப் பெயர் 'அஞ்சல்', அது 1951இல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. அந்தச் சொல்லைக் கிரேக்கத் தூதன் 'ஆங்கெலோஸ்' வரை இழுத்துப் போகிறவர்கள் உண்டு.

குடியாத்தம்:
வன்மையாக மறுக்கிறேன். சங்கத் தமிழில் அஞ்சல் என்றால் 'பயப்படாதே'. சலங்கை கட்டிய ஈட்டியோடு காட்டுவழி ஓடின தபால்காரனுக்கு ஊர் சொன்ன வார்த்தையாக ஏன் இருக்கக் கூடாது?

ஆற்காடு:
ஐயா, 1879இல் கால் அணாவுக்கு வந்த நாள் முதல் அது ஜனங்கள் வாயில் கார்டுதான். சாவுச் சேதி வந்த கார்டைப் படித்ததும் கிழித்துப் போட்டார்களே தவிர, அதைப் பார்த்து யாரும் 'அஞ்சல்' என்று தேறவில்லை.

ராணிப்பேட்டை:
சண்டை வேண்டாம். கோடுள்ள கார்டு, கோடில்லாத கார்டு. படித்ததும் புரியும்.

வாணியம்பாடி:
அதிலும் சிக்கல். படமே இல்லாத பழைய சர்க்கார் கார்டிலும் ஒரு பக்கம் முகவரி, மறுபக்கம் சேதி, கோடு கிடையாது. அதையும் இதில் சேர்ப்பீர்களா? 'படக் கார்டு' என்பது கூடவே வந்தாக வேண்டும்.

காட்பாடி டீச்சர்:
சரி, 'கோடுள்ள படக் கார்டு', 'கோடில்லாப் படக் கார்டு' என்று அனுப்பிவிட்டேன். இதற்கு மேல் அச்சகம் பொறுக்காது.

குடியாத்தம்:
கோடு என்றால் யானைக் கொம்பு, மலை உச்சி, நடுநிலை தவறுதல். என் எதிர்ப்பு பதிவில் இருக்கட்டும்.