பாட்டா வீட்டுப் பிள்ளைகள் குழு: நினைவு ஜெபத்துக்கு முந்தைய வியாழன்

மாலை 6.12

செல்வன்: சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பாட்டாவின் ஆண்டு நினைவு ஜெபம். போதகர் 9.45-க்கே வந்துவிடுவார். எல்லோரும் ஆதார் கார்டு கொண்டு வாருங்கள்.

லீலா: ஜெபத்துக்கு ஆதார் எதற்கு மக்களே

செல்வன்: சாப்பாடு முடிந்ததும் பத்திரம் எழுதுகிறவர் வருகிறார் அத்தை. பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கு விவரம் எடுக்க வேண்டும்.

ஜெயா: யார் எதை விடுதலை செய்வதற்கு?

செல்வன்: (படம்) பாருங்கள் அத்தை, கோர்ட் தீர்ப்பு. நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்துப் பழைய வாரிசுச் சட்டம்தான் நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்குச் செல்லுமாம். சீதனம் வாங்கிய பெண்ணுக்குப் பங்கு இல்லை.

அஜின்: மீன் யார் வாங்குகிறீர்கள்? சென்ற தடவை சாளை மட்டும்தான் இருந்தது.

லீலா: நீ துபாயிலிருந்து வந்து சேர் முதலில்

6.31

தங்கராஜ்: செல்வன், அந்தப் படத்தை எல்லோருக்கும் அனுப்பும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். குழித்துறை கோர்ட்டில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். அந்தத் தீர்ப்பு பொய் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுபதுகளில் வந்ததுதான். முதலில் ஒரு நீதிபதி பழைய சட்டம் செல்லாது என்றார். பிறகு இரண்டு நீதிபதிகள் அமர்வு செல்லும் என்றது. உன் படம் அந்த இரண்டாவது தீர்ப்பு. ஆனால் 1986-இல் மேரி ராய் என்ற கேரளக் கிறிஸ்தவப் பெண் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்று தள்ளிவிட்டது.

தங்கராஜ்: பழைய சட்டம் கொல்லம் ஆண்டு 1092, அதாவது 1916. மகனுக்குப் போகும் பங்கில் நாலில் ஒன்று, இல்லையென்றால் 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. 1951-இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தபோதே இது போய்விட்டது என்று பகவதி, பதக் இரண்டு நீதிபதிகளும் சொன்னார்கள். அதனால் 1951-லிருந்தே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமப் பங்கு. பாட்டா உயில் எழுதவில்லை. அக்காவுக்கும் லீலாவுக்கும் பங்கு உண்டு.

ஜெயா: 👍

செல்வன்: சித்தப்பா, ஜெயா அத்தைக்கு 25 பவுனும் ரப்பர் விளை விற்ற பணமும் பாட்டா கொடுத்ததை ஊரே அறியும்.

ஜெயா: உன் அப்பா பாலிடெக்னிக் படித்த பணம் எந்த விளையிலிருந்து வந்தது என்பதையும் ஊர் அறியும்

லீலா: எனக்கு 11 பவுன். அதையும் எழுதிக்கொள்.

அஜின்: கிழங்கு போதும் என்றால் மீன் குறைத்து வாங்கலாம்

6.58

செல்வன்: கோர்ட் என்ன சொன்னால் என்ன சித்தப்பா? வீட்டு விஷயத்தை வீட்டில் முடிப்போம். கோர்ட்டுக்குப் போனால் நம் பிள்ளைகள் காலத்தில்தான் தீரும். நாட்டில் 5 கோடிக்கு மேல் வழக்கு தேங்கிக் கிடக்கிறது.

தங்கராஜ்: தேங்கிக் கிடப்பது உண்மை. அந்த வழக்குக் கட்டுகளைத் தூக்கிச் சுமந்த கை இது. மேரி ராய்க்கே 1986-இல் தீர்ப்பு வந்தும் பங்கு கைக்கு வரப் பல வருடம் ஆனது. ஆனால் "கோர்ட் என்ன சொன்னால் என்ன" என்று மட்டும் சொல்லாதே. கையில் அதிகாரம் இருக்கிறவர்கள் உலகம் முழுக்கச் சொல்கிற வார்த்தை அது. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்றது. பதின்மூன்றாம் நாள் அவசரநிலை வந்தது.

அஜின்: மாமா, ஜட்ஜ்களுக்கு யார் ஓட்டு போட்டார்கள்? மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியை அவர்கள் எப்படிக் கலைக்கலாம்?

தங்கராஜ்: நல்ல கேள்வி. ஓட்டையே திருத்தினால் மக்கள் யாரிடம் போவார்கள்? கென்யாவில் 2017-இல் ஜனாதிபதி தேர்தலை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆப்பிரிக்காவில் அதுதான் முதல் முறை.

அஜின்: என் அறையில் கென்யாக்காரர் ஒருவர் இருக்கிறார். மறு தேர்தலை எதிர்க்கட்சி புறக்கணித்தது, பழையவரே ஜெயித்தார் என்கிறாரே.

தங்கராஜ்: சரிதான். ஆனால் மலாவியைப் பார். 2019 தேர்தல் முடிவுத்தாள்களில் வெள்ளை மை பூசித் திருத்தியிருந்தார்கள். 2020 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் குண்டு துளைக்காத உடுப்பு போட்டுக்கொண்டு வந்து தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வாசித்தார்கள். ஜூனில் மறு தேர்தல், ஆட்சியில் இருந்தவர் தோற்றார். பக்கத்தில் இலங்கையில் 2018-இல் நாடாளுமன்றத்தைக் கலைத்தது தவறு என்று ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். இந்த நீதிபதிகள் கையில் படையும் இல்லை, கஜானாவும் இல்லை. தோற்றவன் தலை வணங்கினால்தான் தீர்ப்புக்கு உயிர். அது எனக்குப் பெரிய அதிசயமாகத் தெரிகிறது மக்களே.

பெனிட்டா: மாமா, தாய்லாந்து? 2023 தேர்தலில் அதிக இடம் ஜெயித்த கட்சியையே 2024-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் கலைத்துவிட்டது. எங்கள் வகுப்பில் இதைத்தான் கேட்டார்கள்.

தங்கராஜ்: ஒப்புக்கொள்கிறேன் மகளே. கோர்ட்டும் தவறும். நம் உச்ச நீதிமன்றமே 1976-இல், அவசரநிலையில் சிறைப்பட்டவன் தன்னை ஏன் பிடித்தார்கள் என்று உயர் நீதிமன்றத்தில் கேட்க முடியாது என்றது. நான்கு பேர் அப்படி எழுத, எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்து எழுதினார். அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி வரவில்லை, ராஜினாமா செய்தார். 2017-இல் அதே உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய தீர்ப்பு தவறு என்று எழுதியது. 41 வருடம். அந்த வழக்குக் கட்டுக்குள் கன்னாவின் தாள்களும் இருந்ததால்தான் திரும்பிப் பார்க்க முடிந்தது.

லீலா: சின்னண்ணன் நம் குமரித் தலைவர் நேசமணி மாதிரிப் பேசுகிறார்

ஜெயா: அப்பாவும் நேசமணி பேச்சைக் கேட்க நடந்தே போவார்

தங்கராஜ்: அக்கா, அப்பா கூட்டிப்போய்த் தோளில் வைத்துக் காட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

7.40

செல்வன்: எல்லாம் சரி. பந்தல்காரருக்கு 40 நாற்காலி சொல்லியிருக்கிறேன், போதுமா?

அஜின்: 60

ஜெயா: செபமாலைக் கூட்டம் நடக்கும் நேரத்தில் கத்தோலிக்கச் சம்பந்திகள் வர மாட்டார்கள். 50 போதும்.

செல்வன்: சித்தப்பா, உங்களுக்கும்தானே பங்கு குறையும்?

தங்கராஜ்: குறையும். குறையட்டும். வீட்டில் பெண்களுக்குப் பங்கு இல்லை என்று எழுதின பத்திரங்களைத்தான் அலமாரி அலமாரியாக நான் அடுக்கினேன். பங்கு கேட்டால் உறவு போகும் என்று பயந்தே கையெழுத்துப் போட்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். சிலர் கையெழுத்து போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுவார்கள். லீலா மனம் உவந்து எழுதிக் கொடுத்தால் அது வேறு. சாப்பாடு போட்ட கையோடு வாங்கக் கூடாது.

லீலா: நான் கேட்கவும் இல்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை

ஜெயா: நான் கேட்கிறேன்

செல்வன்: அப்பா பார்க்கட்டும். அப்பா, நீங்கள் சொல்லுங்கள்.

8.15

பெனிட்டா: பாட்டியை எல்லோரும் மறந்துவிட்டீர்களா? இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கணவர் சொத்தில் மூன்றில் ஒன்று பாட்டிக்கு. மீதி மூன்றில் இரண்டுதான் நான்கு பிள்ளைகளுக்கும். ஆளுக்கு ஆறில் ஒன்று.

தங்கராஜ்: சரியாகச் சொன்னாய் மகளே. பழைய சட்டத்தில் விதவைக்கு உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமைதான். இப்போது முழு உரிமை.

ஜெயா: அம்மையிடம் யாராவது கேட்டீர்களா

அஜின்: 😮

செல்வன்: பாட்டி எங்கள் வீட்டில்தானே இருக்கிறார்.

லீலா: அதனால்தான் கேட்கிறோம்

9.02

சாமுவேல்: இப்போதுதான் பார்த்தேன். சனிக்கிழமை பத்திரம் எழுதுகிறவர் வேண்டாம். ஜெபம் முடியட்டும். ஆதார் கொண்டு வந்தால் வரட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை.

தங்கராஜ்: நன்றி அண்ணன்.

சாமுவேல்: நன்றி எல்லாம் வேண்டாம். நான் ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. பேசலாம் என்றுதான் சொன்னேன்.

ஜெயா: அம்மையிடம் கேட்டீர்களா அண்ணன்?

சாமுவேல்: தூங்கிவிட்டாள்.

ஜெயா: நாளை காலை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். கிணற்றடி மட்டி வாழைக்குலையை வெட்ட வேண்டாம், நான் வந்து பார்க்கிறேன்.

செல்வன்: மீன் 6 கிலோ சொல்லட்டுமா?

அஜின்: 8