டிடி கேஸ் ரெக்கார்டு எங்கே வாங்குவது? ரொம்ப அவசரம்

நீலக்குடை (புதியவர்)
வணக்கம். டிரங்க் அண்ட் டிரைவ் கேஸ் ரெக்கார்டு வேணும். இ-சலான் சைட்ல வண்டி நம்பர் போட்டா ஒண்ணுமே வரல. ஸ்டேஷன்ல கேட்டா கோர்ட்ல கேளுங்கறாங்க. கோர்ட்ல போனா கேஸ் நம்பர் இருக்கான்னு கேக்கறாங்க. எங்க அப்ளை பண்ணணும், எவ்ளோ நாள் ஆகும்? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

சோழன்_ரைடர்
எந்த ஊரு? எந்த வருஷம்? உங்க கேஸா, வேற யாரோடதா? ஆக்சிடென்ட் ஏதும் உண்டா, இல்ல செக்கிங்ல பிடிச்சதா? ஃபைன் கட்டியாச்சா, நிலுவைல இருக்கா? இதெல்லாம் இல்லாம யாராலயும் பதில் சொல்ல முடியாது ப்ரோ.

ஆர்டிஐ_அன்பு
எதுக்கு அலையறீங்க தோழர்? தகவல் உரிமைச் சட்டத்துல (ஆர்டிஐ) ஒரு மனு போடுங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி போலீஸுக்கு ஒண்ணு, கோர்ட்டுக்கு ஒண்ணு. 30 நாள்ல பதில் தந்தே ஆகணும். தரலைன்னா முதல் மேல்முறையீடு. எல்லா ரெக்கார்டும் வீடு தேடி வரும்.

சட்டப்புத்தகம் (மூத்த உறுப்பினர்)
இந்தத் தளத்தில் தேடுபெட்டி என்று ஒன்று மேலே வலது மூலையில் இருக்கிறது. இதே கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது.

அன்பு அவர்களுக்கு: எல்லாப் பூட்டுக்கும் ஆர்டிஐ சாவி ஆகாது. நீதிமன்ற ஆவணங்களின் சான்றிட்ட நகலை நீதிமன்ற விதிகளின்படி நகல் மனு போட்டுத்தான் பெற வேண்டும், ஆர்டிஐ வழியாக அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று, குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. கோர்ட்டுக்கு ஆர்டிஐ போட்டால் '30 நாள்' கழித்து 'நகல் மனு தாக்கல் செய்யவும்' என்ற பதில்தான் வரும்.

கேள்வி கேட்டவருக்கு: சோழன் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டு வாருங்கள்.

லாரி_ஓனர்
இதே இழைல கேட்டுக்கறேன். புதுசா டிரைவர் எடுக்கறோம். அவர் மேல குடிபோதை கேஸ் இருக்கான்னு பாக்க முடியுமா?

சோழன்_ரைடர்
@லாரி_ஓனர் லைசென்ஸ் நம்பரும் பிறந்த தேதியும் வாங்கிக்கோங்க அண்ணே. போக்குவரத்துத் துறையோட பரிவாஹன் தளத்துல லைசென்ஸ் நிலை பாத்தா சஸ்பென்ட் ஆகியிருந்தா தெரியும். குடிபோதைக்கு குறைஞ்சது 3 மாசம் சஸ்பென்ட் பண்ணணும்னு சுப்ரீம் கோர்ட்டோட சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லயே சொல்லியிருக்கு. ஆனா போலீஸ் ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பாம விட்டிருந்தா லைசென்ஸ் சுத்தமா காட்டும். அதனால இ-சலான் தளத்துல லைசென்ஸ் நம்பர் போட்டும் பாருங்க. முறைப்படி வேணும்னா தமிழ்நாடு போலீஸ் தளத்துல வேலைக்கான சரிபார்ப்பு சேவை இருக்கு, டிரைவரோட சம்மதத்தோட போடணும். அவருக்குத் தெரியாம ஆர்டிஐ போட்டா தனிநபர் தகவல்னு அந்தச் சட்டத்தோட 8(1)(ஜே) பிரிவைக் காட்டித் திருப்பிடுவாங்க.

குமாஸ்தா_குரல்
கேஸ் நம்பர் இல்லாமல் கோர்ட்டில் ஒன்றும் நகராது. முதல் வேலை அதைக் கண்டுபிடிப்பது.

இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் தளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்து, 'பார்ட்டி நேம்' தேடலுக்குப் போங்கள். வருடம் கட்டாயம். பெயரில் குறைந்தது மூன்று எழுத்து. 'டிஸ்போஸ்டு' (முடிந்த வழக்கு) என்பதை மறக்காமல் தேர்ந்தெடுங்கள், 'பெண்டிங்'கிலேயே (நிலுவை) தேடிவிட்டு கேஸ் இல்லை என்று நிறையப் பேர் திரும்பிவிடுகிறார்கள். பெயரை போலீஸ் எப்படி டைப் அடித்தார்களோ அப்படித்தான் இருக்கும்: செந்தில்குமார் ஒரே சொல்லாக, பிரித்து, இனிஷியல் முன்னால், பின்னால், எல்லாம் போட்டுப் பாருங்கள். எதிர்த்தரப்பில் இன்ஸ்பெக்டர் ஆஃப் போலீஸ், போக்குவரத்து என்று இருந்தால் கிட்டே வந்துவிட்டீர்கள். வழக்கு வகை பெரும்பாலும் எஸ்.டி.சி., அதாவது சுருக்க விசாரணை வழக்கு. கிடைத்ததும் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணை, அதாவது அந்த வழக்குக்கான தனி அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள்.

வருடம் பற்றி ஒரு எச்சரிக்கை. பிடித்தது டிசம்பரில் என்றால் கேஸ் அடுத்த வருட எண்ணில் கோப்பில் ஏறியிருக்கலாம். இரண்டு வருடமும் தேடுங்கள்.

நீலக்குடை (புதியவர்)
சாரி எல்லாருக்கும். சென்னை, வேளச்சேரி பக்கம், 2018. என் கேஸ்தான். ஓட்டினது ஃப்ரெண்ட் பைக். சைட்ல என் வண்டி நம்பர் போட்டேன். ஆக்சிடென்ட் இல்லை. கோர்ட்ல ஃபைன் கட்டி முடிச்சாச்சு, ரசீது இப்ப கைல இல்ல. கனடா பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) அப்ளிகேஷன்ல இந்த ரெக்கார்டைக் கேட்டு லெட்டர் வந்திருக்கு, 30 நாள் டைம். கன்சல்டன்ட் 'அது வெறும் ஃபைன்தான், கன்விக்ஷன் இல்லன்னு எழுதிடலாம்'ங்கறார்.

சோழன்_ரைடர்
ஃப்ரெண்ட் பைக்குல பிடிபட்டுட்டு சொந்த வண்டி நம்பர்ல தேடினா எப்படி வரும் 😀 அந்த பைக் நம்பர், கூடவே சேஸிஸ் இல்லன்னா இன்ஜின் நம்பரோட கடைசி 5 எழுத்து வாங்குங்க. உங்க லைசென்ஸ் நம்பர்லயும் தேடுங்க. ஆனா 2018 கேஸ் இ-சலான்ல இருக்கும்னு நம்பி உட்காராதீங்க.

டொரன்டோ_டீக்கடை
கன்சல்டன்ட் சொல்றதைக் கேட்டு அப்படி எழுதிடாதீங்க தம்பி. மறைச்சது தெரிஞ்சா தவறான தகவல்னு 5 வருஷம் கதவை மூடிடுவாங்க. கேஸை விட அதுதான் பெரிய ஆபத்து.

முக்கியமா நீங்க தேட வேண்டியது ஒரு எண். இந்தியால மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவுக்கு 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி. தாண்டினா குற்றம். கனடா குற்றச் சட்டத்துல அது 80. குடிவரவு அதிகாரி பாக்கறது, நீங்க செஞ்சது கனடாவுல நடந்திருந்தா அங்க குற்றமாங்கறது. பிரெத் அனலைசர் (ஊதிப் பாக்கற கருவி) ரீடிங் 45ன்னா ஒரு கதை, 140ன்னா வேற கதை. 80-க்குக் கீழ இருந்தாலே தப்பிச்சாச்சுன்னும் இல்லை. போதையில ஓட்டும் திறன் குறைஞ்சிருந்தாலே அங்க தனிக் குற்றம், அதுக்கு எண் தேவையில்லை. ஆனாலும் ரீடிங் இல்லாத ரெக்கார்டு உங்களுக்குப் பாதி ரெக்கார்டுதான்.

ரெண்டாவது, தேதி. 2018 டிசம்பர் 18-ல அங்க தண்டனை உச்சவரம்பை 10 வருஷமா உயர்த்தி, குடிபோதை ஓட்டுதலை 'கடுமையான குற்றம்' வரிசையில சேர்த்துட்டாங்க. சம்பவம் அதுக்கு முன்னாலயா, பின்னாலயா? மூணாவது, ஃபைன் கட்டின தேதி. மறுவாழ்வு மனுவுக்கு (பழைய குற்றத்தைத் தாண்டி உள்ள விடச் சொல்லிக் கேக்கறது) 5 வருஷக் கணக்கு தண்டனை முழுசா முடிஞ்ச நாள்ல இருந்துதான் ஆரம்பிக்குது. உங்க விஷயத்துல அது ரசீது தேதி.

மதுரை_மாறன்
அட, இதுக்கு ஏன் இவ்ளோ? ரத்தப் பரிசோதனை எடுத்தாங்களா? எடுக்கலைன்னா அந்தக் கேஸே செல்லாது. ஊதச் சொல்றதெல்லாம் கோர்ட்ல நிக்காது.

சட்டப்புத்தகம் (மூத்த உறுப்பினர்)
வாட்ஸ்அப் சட்டக் கல்லூரிக்கு நன்றி. 185-வது பிரிவின் வாசகத்திலேயே 'பிரெத் அனலைசர் சோதனையில் கண்டறியப்பட்ட' என்றுதான் இருக்கிறது. 2019 திருத்தம் 'ஆய்வகச் சோதனை உட்பட வேறு எந்தச் சோதனையிலும்' என்று கூடுதலாகச் சேர்த்தது. ஊதியதே போதும்.

மதுரை_மாறன்
1971-லேயே சுப்ரீம் கோர்ட் வாய் நாத்தம் மட்டும் போதாதுன்னு சொல்லியிருக்கு சார். புத்தகத்துல அது இல்லையா?

சட்டப்புத்தகம் (மூத்த உறுப்பினர்)
வாய் நாற்றம் வேறு, கருவி காட்டும் அளவு வேறு. இன்சூரன்ஸ் விஷயத்தில் 2021-ல் அதே நீதிமன்றம், சோதனையே எடுக்காவிட்டாலும் சூழ்நிலைகளை வைத்துக் குடிபோதையை நிறுவலாம் என்றது. அதையும் படியுங்கள்.

மதுரை_மாறன்
மவுத்வாஷ் கொப்பளிச்சாலே மிஷின் காட்டுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?

சோழன்_ரைடர்
அது வாய்ல தங்கின ஆல்கஹால். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி ஊதச் சொன்னா இறங்கிடும். ரெண்டாவது தடவை ஊதக் கேக்கறதுதான் புத்திசாலித்தனம். ஆனா ஃபைன் கட்டி முடிச்ச கேஸ்ல இதைப் பேசி என்ன பண்ண? அவருக்கு 30 நாள்தான் இருக்கு, இழையைத் திசை திருப்பாதீங்க.

சட்டப்புத்தகம் (மூத்த உறுப்பினர்)
'வெறும் ஃபைன்' என்ற மயக்கத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஹெல்மெட் இல்லாததற்கு அதிகாரியிடம் கட்டுவது இணக்கக் கட்டணம். அது 200-வது பிரிவு. அந்தப் பட்டியலில் 185 கிடையாது. ஆகவே மாஜிஸ்திரேட் முன் நின்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டியிருக்கிறீர்கள். அது தண்டனைத் தீர்ப்பு. கடவுச்சீட்டு அலுவலகம் தரும் காவல் சான்றிதழ் சுத்தமாக வந்தாலும் இது மாறாது.

குமாஸ்தா_குரல்
சரி, நடைமுறைக்கு வருவோம். நீலக்குடை, இதை அப்படியே செய்யுங்கள்.

வேளச்சேரி என்றால் முதலில் சைதாப்பேட்டை வளாகத்தில் தேடுங்கள். இல்லையென்றால் எழும்பூர். நடமாடும் நீதிமன்றத்தில் முடிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அதையும் பட்டியலில் பாருங்கள். சிறு வழக்குகள் சில கணினியில் ஏற்றப்படாமலே கிடக்கும். தளத்தில் இல்லை என்றால் கேஸ் இல்லை என்று அர்த்தமில்லை. அந்த நிலையில்தான் அன்பு சொன்ன ஆர்டிஐ உதவும், ஆனால் போலீஸுக்கு மட்டும். தமிழ்நாடு ஆர்டிஐ ஆன்லைன் தளத்தில், சென்னை மாநகரக் காவலின் பொதுத் தகவல் அலுவலருக்கு: இந்தப் பெயர், இந்த லைசென்ஸ் எண், இந்த வண்டி எண், இந்தத் தேதி, குற்றப்பத்திரிகை எண் என்ன, எந்த நீதிமன்றத்துக்கு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, பிரெத் அனலைசர் பிரிண்ட்அவுட்டின் நகல். 'ஏன்', 'எதற்காக' என்று கேட்காதீர்கள், ஆவணத்தை மட்டும் கேளுங்கள். உங்கள் சொந்தத் தகவல் என்று ஒரு வரியும், அடையாள அட்டை நகலும் சேருங்கள். ஸ்டேஷன் ரெஜிஸ்டரைப் பார்த்து ரைட்டர் எண்ணைச் சொல்லிவிட்டால் இதெல்லாம் தேவையே இல்லை. தேதியும் வண்டி எண்ணும் எழுதி எடுத்துக்கொண்டு ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள்.

எண் கிடைத்ததும் நகல் மனு. அதில் 'தீர்ப்பு நகல்' என்று மட்டும் எழுதினால் ஏமாறுவீர்கள். ஒப்புக்கொண்டு முடிந்த சுருக்க விசாரணையில் பக்கம் பக்கமாகத் தீர்ப்பு இருக்காது. பழைய குற்ற நடைமுறைச் சட்டம் 263-ன்படி, இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டம் 286, பதிவேட்டில் ஒரு வரிசைதான்: எண், சம்பவத் தேதி, பெயர், குற்றம், ஒப்புதல், தண்டனை, முடிந்த தேதி. ரீடிங் அதில் இருக்காது. அதனால் மனுவில் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்: சுருக்க விசாரணைப் பதிவு, குற்றப்பத்திரிகை, அதோடு இணைத்த பிரெத் அனலைசர் பிரிண்ட்அவுட்.

அந்தப் பிரிண்ட்அவுட் பஸ் டிக்கெட் மாதிரி வழவழப்பான தெர்மல் தாள். சில வருடத்தில் எழுத்து மங்கி வெள்ளையாகிவிடும். பண்டிலைப் பிரித்தால் கையெழுத்து மட்டும் நீல மையில் நிற்கும், எண் போயிருக்கும். அதற்காகத்தான் குற்றப்பத்திரிகையையும் கேட்கச் சொல்கிறேன், ரீடிங்கை அதில் பேனாவாலோ டைப்பாகவோ எழுதியிருப்பார்கள்.

கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு கொடுத்ததும் ஒரு எண் தருவார்கள். அதோடு முடிந்தது என்று வீட்டில் உட்காரக் கூடாது. நகலுக்கான ஸ்டாம்ப் கட்டச் சொல்லி நோட்டீஸ் போர்டில் உங்கள் எண் வரும். கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனுவைத் தள்ளிவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து. பெரும்பாலான தாமதம் இங்கேதான். நேரில் போக முடியாவிட்டால் ஒரு வக்கீலிடம் வக்காலத்து கொடுங்கள்.

பதிவேடுகளை வைத்திருக்கக் காலவரம்பு உண்டு. 'ஆவணம் அழிக்கப்பட்டது' என்று பதில் வந்தால் வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள், மனுவின் மேலேயே எழுத்தில், சீலோடு வாங்குங்கள். அதுவும் ஒரு ரெக்கார்டுதான்.

டொரன்டோ_டீக்கடை
மேல சொன்னதோட ரெண்டு விஷயம். நகல் மனு எண் கிடைச்ச அன்னிக்கே அதை ஸ்கேன் பண்ணி, கோர்ட்ல இருந்து வர காத்திருக்கேன்னு கெடு நீட்டிக்கக் கேளுங்க, 29-வது நாள் வரைக்கும் விடாதீங்க. 185-வது பிரிவோட நகல் வைக்கும்போது இப்ப இருக்கற 10,000 ரூபாய் வாசகத்தை வைக்காதீங்க. அது 2019 செப்டம்பர் 1-ல இருந்து வந்தது. உங்க சம்பவ நாள்ல அபராத உச்சவரம்பு 2,000. அந்தப் பழைய வாசகம்தான் வேணும். தமிழ்ல இருக்கற எல்லாத் தாளுக்கும் மொழிபெயர்ப்பும், மொழிபெயர்ப்பாளரோட உறுதிமொழியும் சேரணும்.

ஆர்டிஐ_அன்பு
பாத்தீங்களா, கடைசில ஆர்டிஐ-க்குத்தான் வந்தீங்க.

சட்டப்புத்தகம் (மூத்த உறுப்பினர்)
'போலீஸுக்கு மட்டும்' என்ற இரு சொற்களைக் கண்ணாடி போட்டுப் படிக்கவும்.

லாரி_ஓனர்
லைசென்ஸ் நிலை பாத்தேன், 'ஆக்டிவ்'னு வருது. அப்ப எடுத்துக்கலாமா?

சோழன்_ரைடர்
@லாரி_ஓனர் இ-சலான் பாத்தீங்களா? 'கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டது'ன்னு ஏதாவது நிலுவைல நிக்குதான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

நீலக்குடை (புதியவர்)
எஸ்.டி.சி. நம்பர் கிடைச்சுது, சைதாப்பேட்டைதான். இனிஷியலைப் பின்னால போட்டுத் தேடினேன், வந்துது. சம்பவம் செப்டம்பர். நகல் மனு போட்டு ஸ்டாம்பும் கட்டியாச்சு. சார்ஜ் ஷீட்ல 62ன்னு இருக்குன்னு கிளார்க் பாத்துச் சொன்னார். டைம் நீட்டிக்கவும் கேட்டுட்டேன். எல்லாருக்கும் நன்றி.

டொரன்டோ_டீக்கடை
நல்லது தம்பி. பதிவேட்டு வரிசைல ஃபைன் கட்டின தேதி இருக்கா, தண்டனைத் தேதி மட்டும்தானா? ரெண்டும் ஒரே நாள்தானான்னு பாருங்க. இல்லன்னா ரசீது நகலையும் அதே கோர்ட்ல தனியா கேக்கணும்.

மதுரை_மாறன்
62-ங்கறது ரத்தத்துல எடுத்ததா, ஊதினதா?