புல் வெட்டினால் போலீஸ் வரை போவேன் என்கிறார்கள், என்ன செய்வது?

தருமபுரித் தோட்டக்காரன்

வணக்கம். பெங்களூரு சர்ஜாபுர ரோடு பக்கம் நாலு அபார்ட்மெண்டுகளில் தோட்டப் பராமரிப்பு காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறேன், கூட இரண்டு பையன்கள். புல் வெட்டும் பெட்ரோல் பிரஷ் கட்டர் ஒன்று, இலை ஊதும் ப்ளோயர் ஒன்று, வேலிச்செடி வெட்ட ஒரு சின்ன மெஷின். அவ்வளவுதான் என் சொத்து.

இந்த மழைக்குப் புல் கண்டபடி வளர்கிறது, வாரம் ஒரு தடவை வெட்டியாக வேண்டும். 7 மணிக்கு ஆரம்பித்தால் தூங்க விடவில்லை என்று சத்தம் போட்டார்கள். சரி என்று 10 மணிக்கு மாற்றினேன், இப்போது வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் எல்லாம் மீட்டிங்கில் இருக்கிறார்களாம். மதியம் 2 மணிக்குப் பார்த்தால் ஒரு பாட்டி பால்கனியில் வந்து நின்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறார், நான் என்ன செய்ய, அணைத்துவிட்டேன். போன வாரம் ஒருத்தர் ஃபோனில் சத்தம் அளக்கிற ஏதோ ஆப் வைத்து 82 டெசிபல் என்று காட்டி, போலீஸுக்குப் போவேன் என்கிறார். செகரட்டரியிடம் போனால் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்கிறார், யாருக்கு அட்ஜஸ்ட் செய்வது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். அரிவாளால் வெட்டினால் இன்னும் நாலு ஆள் வேண்டும், அந்தக் கூலியை இவர்கள் தரப்போவதில்லை.

பகலில் மெஷின் ஓட்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா?

அல்சூர்வாசி

ஓட்டக்கூடாது என்று இல்லை. ஆனால் சட்டத்தைக் காட்டிச் சண்டைக்குப் போகாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள்.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி காலை 6 முதல் இரவு 10 வரை பகல். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 டெசிபல், இரவு 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பக்கம் அமைதி மண்டலமாக அறிவித்த இடம் என்றால் பகலிலேயே 50தான். பகல் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சத்தம் போடலாம் என்று நம் ஆட்கள் நினைப்பது தப்பு. அளவை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். இந்த 55 என்பது ஒரு நொடியில் வரும் உச்சம் கிடையாது, நேரத்தைச் சேர்த்துக் கணக்கிடும் சராசரி. அதனால் அந்த ஃபோன் ஆப் சாட்சிக்கு உதவாது. அதற்காக 82 பொய் என்று அர்த்தமில்லை, டூ-ஸ்ட்ரோக் மெஷினுக்குப் பக்கத்தில் அது சாதாரணமாக வரும்.

இன்னொன்று. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். உங்கள் அபார்ட்மெண்டில் நடுவில் புல்தரை, நாலு பக்கமும் பத்து மாடி என்றால் அந்தக் கணக்கு செல்லாது, சுவரில் மோதித் திரும்பத் திரும்ப வரும். ஸ்டார்ட் செய்வது, சூடேற்றுவது, சும்மா ஓடவிட்டுப் பேசிக்கொண்டிருப்பது எல்லாவற்றையும் கேட் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

டூஸ்ட்ரோக் மணி

எஸ்.ஜே.பி. ரோட்டில் பன்னிரண்டு வருஷம் இந்த மெஷின்களைப் பிரித்துப் போட்டவன் என்ற முறையில் ஒரு கேள்வி: கட்டருக்குக் கீழே இருக்கிற அந்தப் பிளாஸ்டிக் கார்டு இருக்கிறதா, கழற்றி எறிந்துவிட்டீர்களா? கழற்றியிருப்பீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், புல் அடைக்கிறது என்று. சுழன்று புல்லை வெட்டுகிற நைலான் கயிறு அளவுக்கு மேல் நீண்டால் நறுக்கிவிடும் சின்ன பிளேடு அதில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் கயிறு ஒரு முழத்துக்கு நீண்டு காற்றை அடிக்கும், எஞ்சின் இழுக்க முடியாமல் முக்கும், பையன் ஆக்ஸிலேட்டரை முழுசாக அழுத்துவான். பாதிச் சத்தம் அங்கேதான்.

அப்புறம் சைலன்சர் போல்ட். அதிர்வில் தளர்ந்துவிடும், கேஸ்கெட் வழியாகக் கசிந்தால் படபடவென்று பட்டாசு மாதிரி கேட்கும், கறுப்பாக எண்ணெய்க் கறை இருக்கும், பார்த்தாலே தெரியும். கயிற்றில் சதுரமானதை விட முறுக்குக் கயிறு கொஞ்சம் அடக்கமாக ஓடும்.

பையன்கள் காதில் என்ன மாட்டுகிறார்கள்? பஞ்சு என்று சொல்லாதீர்கள். 85 டெசிபலைத் தாண்டி நாள் முழுக்கக் கேட்டால் காது போய்விடும், இந்த மெஷின் ஓட்டுகிறவன் காதுக்கு அதைவிட அதிகம் வருகிறது. எனக்கு இடது காதில் இப்போதே பாதிதான் கேட்கிறது. மாடியில் இருப்பவர்கள் புகாராவது சொல்கிறார்கள், பையன் சொல்ல மாட்டான்.

இரண்டாம் மாடி

நான் எதிர்க் கட்சி. நைட் ஷிஃப்ட் முடிந்து காலை 6 மணிக்குப் படுப்பவள். உண்மையைச் சொல்கிறேன் அண்ணா, கட்டர் சத்தத்தில்கூடத் தூங்கிவிடுவேன். எப்போது நிற்கும் என்று தெரியாமல் படுத்திருப்பதுதான் கொடுமை, நின்றது என்று கண்ணை மூடினால் மறுபடி ஆரம்பிக்கும். முந்தின நாளே லிஃப்டில் ஒரு தாள் ஒட்டுங்கள், "ஏ பிளாக் முன்பக்கம் 11 முதல் 11.40 வரை" என்று. அந்த நேரத்தில் முடித்தும் விடுங்கள், முடிக்காவிட்டால் தாள் ஒட்டியதே தப்பாகப் போய்விடும்.

ப்ளோயரைப் பற்றிக் கேட்காதீர்கள். எங்கள் வளாகத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம், அது கொட்டுகிற ஒரு கைப்பிடி இலையை ஒருத்தர் அரை மணி நேரம் வடக்கே ஊதுவார், காற்று தெற்கே கொண்டுவரும். அதற்கு விளக்குமாறு போதும். வாஷிங்டன் டிசியில் பெட்ரோல் ப்ளோயரை 2022 ஜனவரியிலிருந்தே தடை செய்துவிட்டார்கள், அவர்களுக்கும் இதே தலைவலிதான் போல.

மார்ச்சில் எஸ்எஸ்எல்சி, பியுசி பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் இருக்கிற பிளாக்கைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அப்போது பெற்றோர் யாரும் கும்பிட மாட்டார்கள், இறங்கி வருவார்கள்.

தருமபுரித் தோட்டக்காரன்

மணி அண்ணனுக்கு முதலில். கார்டு பம்ப் ரூமில் தூசு படிந்து கிடந்தது, எடுத்து மாட்டியாயிற்று. சைலன்சரில் ஒரு போல்டே காணோம், எத்தனை மாசமாக இல்லையோ தெரியவில்லை. இரண்டும் சரி செய்து முக்கால் ஆக்ஸிலேட்டரில் ஓட்டினோம், எனக்கே வித்தியாசம் தெரிந்தது. பையன்களுக்குக் காது மூடி வாங்கிவிட்டேன், சின்னவன் பாட்டு கேட்கிற ஹெட்ஃபோன் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் பட்டனைத் தேடினான்.

லிஃப்டில் தாளும் ஒட்டினேன். முதல் நாள் 20 நிமிஷம் தாமதம், திட்டு வாங்கினேன். இரண்டாவது தடவை சரியாக முடித்தோம். ப்ளோயரை பேஸ்மெண்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். ஆப் வைத்திருக்கிறவர் மறுபடி இறங்கி வந்தார், 74 காட்டியது. "இன்னும் அதிகம்தான்" என்றார், ஆனால் போய்விட்டார்.

பேட்டரி கட்டர் ஒன்று வாங்கலாமா என்று யோசனை. ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் நிற்கும், யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள்.

டூஸ்ட்ரோக் மணி

ஈரப்புல்லில் அரை மணி நேரம் வந்தால் பெரிது, இரண்டு பேட்டரி இல்லாமல் இறங்காதீர்கள். அது கிடக்கட்டும், ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தீர்களா?