‘சாரிட்டி சூப்பர்குரூப்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

ஒரு நல்ல காரியத்துக்காகப் பிரபலப் பாடகர்கள் பலர் தற்காலிகமாகக் கூடி ஒரு பாட்டைப் பதிவு செய்தால், அந்தக் கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘சாரிட்டி சூப்பர்குரூப்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். நண்பர் ஒருவர் சொன்னது:

> ‘நன்கொடை நட்சத்திரக் குழு’ என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் இரண்டு இடத்தில் இடறுகிறது.

முதலில் ‘குழு’. இசைக்குழு என்றால் சேர்ந்தே இருந்து ஊர் ஊராய்ப் போய்ப் பாடுபவர்கள் என்றுதான் மனத்தில் படும். இங்கே கதை வேறு. எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக பாடகர்கள் பாப் கெல்டாஃபும் மிட்ஜ் யூரும் ‘பேண்ட் எய்ட்’ என்ற பெயரில் பாடகர்களைக் கூட்டியது 1984 நவம்பர் 25, லண்டனில். ஸ்டிங், போனோ, ஜார்ஜ் மைக்கேல் என்று வந்தவர்கள் ஒரே நாளில் பாடிக் கொடுத்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அடுத்து அமெரிக்கா: 1985 ஜனவரி 28 இரவு, விருது விழா முடிந்த கையோடு நாற்பதுக்கும் மேற்பட்டோர் ‘வி ஆர் த வேர்ல்ட்’ பாட்டைப் பதிவு செய்ய ஹாலிவுட்டில் ஒரு ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்கள். ‘அகந்தையை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்’ என்று இசைத் தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ் எழுதி மாட்டியிருந்தது பிரசித்தம். மறுநாள் காலை எல்லாரும் கலைந்தார்கள். இதற்குத் ‘திரள்’தான் பொருந்தும். நிதி திரட்டுவதும் அதே வேர்ச்சொல்தானே.

அடுத்து ‘நன்கொடை’. 1985இல் அமெரிக்க இசைக்கலைஞர் ஸ்டீவன் வான் ஸான்ட் பலரைச் சேர்த்து ‘சன் சிட்டி’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். நிறவெறித் தென்னாப்பிரிக்காவின் அந்த உல்லாச நகரில் பாட மாட்டோம் என்பதுதான் பாட்டே. விற்ற பணம் நல்ல காரியத்துக்குப் போனது, சரி. ஆனால் அவர்கள் முதலில் கேட்டது புறக்கணிப்பை. ‘தொண்டு’ என்றால் இரண்டும் அடங்கும். ‘நற்பணி’யில் ரசிகர் மன்ற வாடை, ‘கூட்டணி’யில் தேர்தல் வாடை, இரண்டும் வேண்டாம்.

ஆக என் பரிந்துரை: தொண்டிசைத் திரள்.

> ‘சேர்ந்திசை’ ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் சேர்ந்திசையில் தனிக் குரல் எதுவும் துருத்தக் கூடாது. எல்லாம் கரைந்து ஒன்றாக வேண்டும். இந்தப் பதிவுகள் நேர் எதிர். ஆளுக்கு ஒன்றிரண்டு வரிதான். அந்த ஒரு வரியிலேயே ‘இது ஸ்பிரிங்ஸ்டீன், இது சிண்டி லாப்பர்’ என்று கேட்பவருக்குப் பிடிபட வேண்டும். பல்லவியில் மட்டும் எல்லாரும் ஒன்றாகச் சேர்வார்கள். முகம் தெரியாத நாற்பது பேர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் இந்த இசைத்தட்டு இப்படி விற்காது.

பதிவின் பெயரையும் முடித்துவிடலாம். ஒரே பாட்டுக்கென்று வெளியிடும் இசைத்தட்டான ‘சிங்கிள்’ என்பதைத் ‘தனிப்பாடல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். நமக்கோ அந்தச் சொல்லைக் கேட்டதும் காளமேகப் புலவர் வந்து நிற்பார். தவிர, நாற்பது பேர் பாடியதைத் தனிப்பாடல் என்றால் சிரிக்க மாட்டார்களா? ‘திரள்பாடல்’ போதும்.

ஒன்று மட்டும். 1985 ஜூலை 13 லைவ் எய்ட் போன்ற மேடை நிகழ்ச்சிகளுக்கு இச்சொல்லை நீட்ட வேண்டாம். அங்கே பெரும்பாலும் அவரவர் பாட்டை அவரவர் முறை வந்தபோது பாடினார்கள். அதற்கு ‘நிதிக் கச்சேரி’ என்றே எழுதலாம்.