ஆசிட் பட்ட அந்த முதல் நிமிடம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பம்ப்மேடை:

டேங்கரை இறக்கி முடித்து ஹோஸைக் கழற்றும் நேரம். 98 சதவீத சல்ப்யூரிக் ஆசிட். லைனில் அழுத்தம் காட்டும் கேஜ் பூஜ்யம் காட்டியது. நானும் பார்த்தேன், ஹெல்பர் தம்பியும் பார்த்தான். கப்ளிங்கைத் தளர்த்தியதும் ஒரு விசிறல். பெரிய பீச்சலெல்லாம் இல்லை, ஒரு டம்ளர் இருக்கும். தம்பியின் நெஞ்சிலும் இடுப்பிலும் பட்டது. ஃபேஸ் ஷீல்டு இருந்ததால் முகம் தப்பியது. ஏப்ரனைத்தான் "கடைசி ஹோஸ்தானே" என்று அவிழ்த்து வைத்திருந்தான்.

ஆசிட் பட்டால் நிற்பதற்கான அவசர ஷவர் பக்கத்திலேயே இருந்தது. இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினேன், சங்கிலியை இழுத்தேன், தண்ணீர் கொட்டியது. அதுவரை எல்லாம் சரி. சட்டையை நான் பிடித்து இழுத்ததும் பை மட்டும் கருகிய காகிதம் மாதிரி கையோடு வந்துவிட்டது, உள்ளே இருந்த பேனா முழுசாக இருந்தது. ஆனால் பேண்ட்டை அவன் விடவில்லை. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சத்தம் கேட்டு லேபிலிருந்து ஓடி வந்தவர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். "கழட்டுடா, கழட்டுடா" என்று நான் கத்துகிறேன், அவன் அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறான். அரை நிமிடம் இருக்குமா? அவர்களே புரிந்துகொண்டு திரும்பி நின்ற பிறகுதான் கையை எடுத்தான்.

நெஞ்சில் பட்டது தழும்போடு ஆறிவிட்டது. பெல்ட்டுக்குக் கீழே, ஈரத் துணி ஒட்டிக்கிடந்த இடத்துக்குத்தான் வேறு இடத்துத் தோலை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. நாலு வருடம் ஆகிறது. நான் ஏன் கத்திக்கொண்டே நின்றேன், ஏன் கையை வைத்து இழுக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பீக்கர்பித்தன்:

என்னுடையது சின்ன விஷயம், ஆனால் வெட்கக்கேடு. "அமிலத்தைத் தண்ணீரில் ஊற்று, தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதே" என்று ஜூனியர் பையன்களுக்கு நானே பாடம் எடுத்தவன். ஒரு சாயங்காலம் அளவு கொஞ்சம் தவறிவிட்டது. பீக்கரில் அடர் அமிலம் ஏற்கெனவே இருக்கிறது, "கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சரி பண்ணிவிடலாம்" என்று வாஷ் பாட்டிலை அழுத்தினேன். சுடுகல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு 'சொய்ங்'. அமிலத்தின் அடர்த்தி 1.84, தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது, கலக்கிற சூடு முழுக்க அந்த மேல்தட்டிலேயே, உடனே கொதித்துத் தெறிக்கிறது. காரணம் எல்லாம் அத்துப்படிதான்!

மூக்குக் கண்ணாடியில் ஒரு துளி. கண்ணுக்கு நேரே. நான் போட்டிருந்தது வெறும் பவர் கண்ணாடி, பாதுகாப்புக் கண்ணாடி மேசை டிராயரில். இன்னொரு துளி பக்கவாட்டில் புருவத்தோரம் போயிருக்கிறது, அது தெரிந்ததே மறுநாள் சவரம் செய்யும்போதுதான்.

மஞ்சள்தொப்பி:

@பம்ப்மேடை கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் கேட்டாக வேண்டும். கேஜ் பூஜ்யம் காட்டினால் லைன் காலி என்று அர்த்தமா? ஆசிட் சர்வீஸில் கேஜுக்குப் போகும் சின்னக் குழாய் சல்பேட் கசடு கட்டி அடைத்துக்கொள்வது எவ்வளவு சகஜம்! வடிகால் வால்வைத் திறந்து கண்ணால் பார்க்காமல் கப்ளிங்கில் கை வைக்கக் கூடாது. குழாய் இணைப்பில் கேஸ்கெட் இருக்கிற இடத்துக்கெல்லாம் பீச்சலைத் தடுக்கும் ஸ்பிரே கார்டு சுற்றியிருக்கிறீர்களா? ஏப்ரன் மட்டும் போதாது, இறக்கும்போது முழு சூட் வேண்டும். பேண்ட் கால் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே சொருகினால் வழிகிற ஆசிட் நேராகப் பூட்ஸுக்குள் இறங்கிவிடும்.

அப்புறம் ஷவர். இருக்கிறது என்பது முக்கியமில்லை, வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. அமெரிக்கத் தரமான ஆன்சி இசட்358.1 சொல்வது: 10 நொடியில் போய்ச் சேரும் தூரம், ஷவரில் நிமிடத்துக்கு சுமார் 75 லிட்டர், 15 நிமிடம் விடாமல், வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். தண்ணீர் 16-லிருந்து 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதையும் பலர் படிப்பதே இல்லை. ஐஸ் மாதிரி இருந்தாலும் ஆள் நிற்க மாட்டான், கொதித்தாலும் நிற்க மாட்டான். வழியில் பலகை, டிரம், ட்ராலி எதுவும் கிடக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு நடந்து பாருங்கள், போய்ச் சேர முடிகிறதா என்று. அந்தப் பயிற்சியை நான் எல்லோரையும் செய்ய வைப்பேன், திட்டுவார்கள், பரவாயில்லை.

என் கதை இரண்டே வரி. வெயிலில் காய்ந்த பைப்லைன், காஸ்டிக் சோடா பட்டவன் சங்கிலியை இழுத்தான், முதல் நாலைந்து நொடி வந்தது சுடுதண்ணீர். துள்ளி வெளியே ஓடிவிட்டான். பிடித்து உள்ளே தள்ளியது நான்தான், என் கையைக் கடித்துவிட்டான்.

கார்பாய்காலம்:

எல்லோரும் ஷவர் ஷவர் என்கிறீர்கள். எங்கள் காலத்தில் கார்பாயை, அதாவது ஆசிட் நிரப்பிய பெரிய கண்ணாடிக் குடுவையைத் தோளில் தூக்கிய ஆட்கள் நாங்கள். எங்களுக்குச் சொல்லித் தந்தது: அடர் சல்ப்யூரிக் பட்டால் முதலில் துணியால் துடை, அப்புறம்தான் தண்ணீர். ஏனென்றால் தண்ணீர் பட்டால் சூடாகும். பீக்கர்பித்தன் தம்பி சொன்னதும் அதே சங்கதிதானே?

எனக்கு முழங்கையில் பட்டபோது துடைத்தேன், சோடா உப்பை அள்ளி அப்பினேன், பிறகு கழுவினேன். கை இருக்கிறது, பாருங்கள்.

பீக்கர்பித்தன்:

கார்பாய்காலம் சார், அதே சங்கதி இல்லை. நான் விட்டது ஒரு சிட்டிகைத் தண்ணீர், அதனால்தான் கொதித்தது. ஷவரில் கொட்டுவது அருவி. பிறக்கிற சூட்டைச் சேர்த்தே அடித்துக்கொண்டு போய்விடும். ஈரத்துணியால் ஒற்றுவதுதான் ஆபத்து. காய்ந்த துணி கையிலேயே இருந்தால் ஒரே ஒற்று ஒற்றலாம். துணி தேடி ஓடினால் அதற்குள் தோல் போய்விடும். சோடா உப்பு தரைக்கு. தோல்மேல் அப்பினால் அந்த வினையும் சூடு தரும், கழுவும் நேரமும் போகும்.

கார்பாய்காலம்:

நாற்பது வருடம் கைப்பட வேலை பார்த்தவனுக்குப் புத்தகம் வாசிக்கிறீர்கள். சரி.

ஸ்டோர்சாவி:

தரை என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் ஸ்டோரில் இரண்டரை லிட்டர் பாட்டில் ஒன்று கை நழுவியது. பக்கத்தில் மூட்டையாக இருந்த மரத்தூளைக் கொட்டினோம், எண்ணெய்க்குக் கொட்டுவது போல. கறுத்துச் சுருண்டு புகைய ஆரம்பித்துவிட்டது. மணலைத்தான் கரை கட்டியிருக்க வேண்டும், சோடாவை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தூவியிருக்க வேண்டும். பிறகு தெரிந்துகொண்டது.

ஆனால் எனக்குத் தூக்கம் கெடுப்பது அதுவல்ல. ஒரு பழைய இரும்பு டிரம். காலி என்று எழுதி ஓரமாகப் போட்டிருந்தார்கள். அடியில் கொஞ்சம் ஆசிட், மூடி வழியாக மழை ஈரம். அடர் ஆசிட்டை இரும்பு தாங்கும், நீர்த்த ஆசிட் இரும்பை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். டிரம்மின் மேல்மூடி சட்டியைக் கவிழ்த்த மாதிரி உப்பி இருந்தது. ஒப்பந்த ஆள் ஒருவர் கையில் கிரைண்டரோடு அதை நோக்கி நடக்கிறார், பாதியாக வெட்டித் தொட்டி செய்யப் போகிறாராம். "அண்ணே!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கிரைண்டரைக் கீழே போட்டுவிட்டார். பிளக் சொருகியிருக்கவில்லை. பத்தடி தூரம்.

வெல்டுமினுக்கி:

15 நிமிடம் தண்ணீர் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எல்லா ஆசிட்டும் ஒன்றல்ல. நான் ஸ்டெயின்லெஸ் வெல்டின் கறையை நீக்கும் பிக்ளிங் பேஸ்ட் தடவுகிற வேலை பார்த்தவன். அதில் நைட்ரிக்கோடு ஹைட்ரோஃபுளோரிக் இருக்கும். வலது ஆள்காட்டி விரல் கிளவுஸில் ஊசித் துளை. எரியவில்லை, சிவக்கவில்லை. குழாயில் சும்மா அலம்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இரவு ஒரு மணிக்கு விழித்தேன். நகத்துக்கு அடியில் விண்விண் என்று தெறிக்கிறது. பல்வலியைக் கொண்டுபோய் விரலில் வைத்தது போல. மேலே பார்த்தால் தோல் பளிச்சென்று இருக்கிறது. அவசரப் பிரிவில் இருந்தவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வலி மாத்திரை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்னது "ஆசிட் பட்டது சார்" என்று மட்டும். எந்த ஆசிட் என்று சொல்லவில்லை. காலையில் எங்கள் சூப்பர்வைசர் பேஸ்ட் டப்பாவோடு ஓடி வந்த பிறகுதான் கால்சியம் குளுகோனேட் கொடுத்தார்கள். தடவத் தடவ வலி இறங்கியது. நகம் கறுத்து விழுந்துவிட்டது, இப்போது முளைத்திருப்பது கோணலாக இருக்கிறது.

இது சுடுகிற ஆசிட் இல்லை, உள்ளே இறங்குகிற ஆசிட். ஃபுளோரைடு தோலைத் தாண்டிப் போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதிகம் பட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வலி வர ஒரு நாள்கூட ஆகலாம். ஐந்து நிமிடம் நன்றாகக் கழுவிவிட்டு 2.5 சதவீத கால்சியம் குளுகோனேட் ஜெல்லைத் தடவத் தொடங்க வேண்டும், தடவுகிறவர் கிளவுஸ் போட்டுக்கொண்டு. ஜெல் இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்வரை கழுவுவதை நிறுத்தக் கூடாது. வலி போனாலும் ஆஸ்பத்திரி போக வேண்டும், டப்பாவின் எஸ்டிஎஸ் (அந்த ரசாயனத்தின் பாதுகாப்புத் தகவல் தாள்) கையில் வேண்டும்.

மஞ்சள்தொப்பி:

@வெல்டுமினுக்கி எஸ்டிஎஸ்ஸில் 4-ம் பிரிவு முதலுதவி, 6 சிந்தினால் செய்ய வேண்டியது, 8 கவசம். அந்த மூன்றையும் தனியாக அச்சடித்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். 16 பிரிவையும் யாரும் அந்த நேரத்தில் புரட்ட மாட்டார்கள். கிளவுஸுக்குள் தண்ணீரையோ காற்றையோ நிரப்பித் துளை பார்க்கும் பழக்கம் இருந்ததா? இன்னொன்று, மெல்லிய நைட்ரைல் கிளவுஸை நம்பி அடர் சல்ப்யூரிக்கிலும் இறங்கிவிடுகிறார்கள், அது சில நிமிடம்கூடத் தாங்காது. கிளவுஸ் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்து…

வெல்டுமினுக்கி:

அண்ணே, ஊதிப் பார்த்துத்தான் போட்டேன். துளை நடுவில் விழுந்தது. வெல்டு சிராய்த்தது.

பம்ப்மேடை:

மஞ்சள்தொப்பி அண்ணே, கேஜ் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான். பிறகு கழற்றிப் பார்த்தபோது அந்தக் குழாயில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஆனால் நான் எழுதியது கேஜைப் பற்றி அல்ல.

தம்பி இப்போதும் எங்கள் ஷிஃப்டில்தான். இப்போது ஷவரில் ஒரு கத்தரிக்கோல் கட்டித் தொங்குகிறது, சுற்றி ஒரு திரையும் உண்டு. திரையை மேலிடத்தில் கேட்டு வாங்கியது அவன்தான். எதற்கு என்று அவர்கள் கேட்டதற்கு, "குளிக்க" என்றானாம்.

கார்பாய்காலம்:

திரை என்ன துணி? பருத்தி இல்லையே?

பம்ப்மேடை:

பிவிசி சார்.